பிரேக் அத்தானும் பாய்க் கயிறும்

எங்க அக்கா வீட்டுக்காரரை எல்லாரும் பிரேக்குன்னு தான் கூப்பிடுவாங்க. லிஃப்ட் மெக்கானிக். வாழ்நாள் பூரா லிஃப்டோட பிரேக்கைக் கழட்டி மாட்டினவர். கூட வேலை பார்த்தவங்க வெச்ச பேரு, அவர் ரிட்டயர் ஆனப்ப கூடவே வீட்டுக்கு வந்துடுச்சு. அக்கா மட்டும் அந்தப் பேரைச் சொல்ல மாட்டா. "ஏங்க"ன்னு ஒரு கத்து கத்துவா, மாடிப்படி எறங்கி தெரு முனை வரைக்கும் கேட்கும். எனக்கு அவர் அத்தான். நானும் அவங்களோட தான் இருக்கேன், மூணாவது மாடியில. யாரும் பரிதாபப்பட வேண்டாம். எனக்குக் கல்யாணம் வேண்டாம்னு நானே தான் முடிவு பண்ணினேன். அத்தானைப் பக்கத்துல இருந்து பார்த்தது அதுக்கு ஒரு காரணம்.

நான் ஒரு பல் டாக்டர் கிளினிக்ல டோக்கன் குடுக்கிறவ. நாள் முழுக்கப் பல்வலிக்காரங்களோட மல்லுக்கட்டிட்டு வர்றதால எனக்கு வாய் கொஞ்சம் நீளம்னு சொல்வாங்க. நீளம் தான். இருந்துட்டுப் போகட்டும்.

லிஃப்ட் பிரேக்கைப் பத்தி அத்தான் எங்களுக்கு ஆயிரம் தடவை பாடம் நடத்தியிருக்கார். அது கார் பிரேக் மாதிரி மிதிச்சா பிடிக்கிற சமாச்சாரம் இல்லையாம். எப்பவும் பிடிச்சுக்கிட்டே தான் இருக்குமாம். கரண்ட் வந்தா தான் விடும். கரண்ட் போச்சுன்னா உடனே கப்புனு பிடிச்சுக்கும். அதுவும் ஒண்ணுக்கு ரெண்டா இருக்கணும், ஒண்ணு ஏமாத்தினா இன்னொண்ணு பிடிக்கணும். "பிடிக்கிறது தாம்மா அதோட சுபாவம்"னு சொல்லும்போது, ஏதோ சொந்தத் தம்பியைப் பத்திப் பேசுற மாதிரி அவர் முகம் பூரிச்சுப் போகும்.

அவர் சுபாவமும் அதே தான். உடும்புப் பிடி. வீட்டுக்கு வந்தவங்க கிளம்பும்போது கையைப் பிடிச்சுக்கிட்டுப் பேச ஆரம்பிச்சாருன்னா, வந்தவங்க பஸ்ஸை விட்டுட்டு மறுபடி உள்ளே வந்து உட்கார்ந்துடுவாங்க. ரோடு தாண்டும்போது அக்கா மணிக்கட்டை இறுக்கிப் பிடிச்சுக்குவார். அக்கா யாரு? ஸ்கூல் வேன் டிரைவர். அவ ஹாரன் அடிச்சா லாரிக்காரனே ஒதுங்கிப் போவான். "கையை விடுங்க, நான் என்ன எல்.கே.ஜி.யா?"ன்னு அவ நடுரோட்டுல கத்துவா. அவர் எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்து, பிளாட்பாரத்துல ஏறி, ரெண்டு பக்கமும் இன்னொரு தடவை பார்த்துட்டுத் தான் விடுவார்.

இப்படிப்பட்ட மனுஷன் ரிட்டயர் ஆகி வீட்டுக்கு வந்ததும் சொன்ன முதல் வார்த்தை என்ன தெரியுமா? "பாய்மரப் படகு வாங்கப் போறேன்."

அக்கா கையில இருந்த வேன் சாவி கீழே விழுந்துடுச்சு. "எதுக்கு?"

"ஆயுசு பூரா மேலயும் கீழயுமா போய்ட்டேன். இனிமே பக்கவாட்டுல போகணும்."

"பக்கவாட்டுல போறதுக்கு பஸ் இல்லையா?"

பஸ் இருந்துச்சு. ஆனா ஊருக்கு வெளியே இருக்கிற ஏரியில படகு கிளப் ஒண்ணும் இருந்துச்சே! அங்க ஒரு பாட்டு வாத்தியார் தன்னோட பழைய படகைத் தள்ளிவிட ஆள் தேடிக்கிட்டு இருந்தார். நம்ம ஆள் போய் மாட்டிக்கிட்டார். ரெண்டு பேர் உட்கார்றதுக்கும், மூணாவது ஆள் திட்டு வாங்கிக்கிட்டு ஒண்டிக்கிறதுக்கும் இடம் இருக்கிற சின்னப் படகு. வெள்ளைப் பெயின்ட் உரிஞ்சு போய் இருந்துச்சு. புதுசா கத்துக்கிட்டவங்க தனியா போகக் கூடாது, கூட ஒரு ஆள் இருக்கணும்கிறது கிளப்போட சட்டம். அந்த ஒரு ஆள் அக்கா தான்னு அத்தான் மனசுக்குள்ளயே முடிவு பண்ணிட்டார். அதை அக்காகிட்ட சொல்றதுக்கு என்னைத் தூது அனுப்பினார், மகராசன்.

அக்கா நிதானமா கேட்டுட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டா. "ஒரே ஒரு தடவை வருவேன். எனக்குப் பயமா இருந்துச்சுன்னா, மறுநாளே படகை வித்துடணும். அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

அத்தான் சரின்னு தலையாட்டிட்டார். தலையாட்டின அன்னைக்கே அவருக்குத் தூக்கம் போச்சு, எங்களுக்கு நிம்மதி போச்சு.

அக்காவுக்குப் பயம் வரக் கூடாதுன்னா படகுல எதுவும் நழுவக் கூடாது, அவிழக் கூடாது, ஆடக் கூடாது. இது அவரோட கணக்கு. பழைய படகுல கயிறு கட்டுற கட்டைகள் எல்லாம் துருப்பிடிச்சும் தேஞ்சும் கிடந்துச்சு. கயிறை இழுத்து அதுல மாட்டினா அது அங்கேயே நிக்கணும், அதான் அதுக்கு வேலை. கடையில அதுக்குப் பேரு கிளீட். எங்க வீட்டுல நாங்க வெச்ச பேரு சனியன்.

படகுச் சாமான் கடைக்கு என்னையும் இழுத்துட்டுப் போனார். கடைக்காரர் பாவம், கண்ணாடியைக் கழுத்துல தொங்கப் போட்டுக்கிட்டு நிம்மதியா டீ குடிச்சுட்டு இருந்தார். மேஜை மேல நீளமா ஒரு பலகை. அதுல வகைக்கு ஒண்ணா கிளீட்டை முடுக்கி வெச்சு, பக்கத்துலயே துண்டுக் கயிறும் போட்டிருந்தார், வர்றவங்க இழுத்துப் பார்க்கட்டும்னு. அப்படி ஒரு ஏற்பாடு பண்ணினதுக்காக அவர் பின்னாடி எவ்வளவு வருத்தப்பட்டிருப்பாருன்னு எனக்குத் தெரியும்.

ஒண்ணு ரெண்டு பக்கமும் கொம்பு நீட்டிக்கிட்டு இருந்துச்சு. கயிறை எட்டு எழுதுற மாதிரி மாத்தி மாத்திச் சுத்தி, கடைசியில ஒரு மடி போட்டு இறுக்கணும். இன்னொண்ணுல நடுவுல ஒரு பள்ளம், பள்ளத்துக்குள்ள வரி வரியா வெட்டு. கயிறை அமுக்கினா அதுல சிக்கிக்கும். மூணாவதுல ஸ்பிரிங் வெச்ச ரெண்டு தாடை, தாடை நிறைய பல்லு. கயிறை நம்ம பக்கம் இழுத்தா வரும், திரும்பிப் போகணும்னு பார்த்தா பல்லு கவ்விக்கும். விடணும்னா கயிறை வெடுக்குனு மேல தூக்கணும். எங்க டாக்டர் பார்த்திருந்தா டார்ச் அடிச்சு சொத்தை இருக்கான்னு பார்த்திருப்பார்.

"எந்தக் கயிறுக்கு சார்?"னு கடைக்காரர் கேட்டார்.

"எல்லாத்துக்கும்."

"எல்லாத்துக்கும் ஒரே மாதிரி போட முடியாது சார். பாயை மேல ஏத்துற கயிறு ஏத்தினா ஏத்தினது தான், அதுக்குக் கொம்பு போதும். கரையில கட்டுற கயிறுக்கும் கொம்பு தான். பாயை இழுத்துப் பிடிக்கிற கயிறு இருக்கே, அதுக்குப் பல்லு வெச்சது போடுங்க. காத்து எக்குத்தப்பா அடிச்சா டக்குனு தூக்கி விட்டுடலாம். விட்டா பாய்ல இருக்கிற காத்து போயிடும், படகு நிமிர்ந்துடும்."

"விட்டுடலாமா?" அத்தான் முகம் போன போக்கைப் பார்க்கணுமே! பெத்த பிள்ளையை வித்துடலாமான்னு கேட்ட மாதிரி ஆயிடுச்சு. "அவ்வளவு சுலபமா விட்டுடுமா அது?"

"அதுக்குத் தானே சார் அது!"

"விடாததா ஒண்ணு காட்டுங்க."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் மேல ஓடுற ஃபேனைப் பார்த்தேன்.

அன்னைக்கு ஆரம்பிச்ச கூத்து. வாங்கிட்டு வர்றதும், மாட்டிப் பார்க்கிறதும், திருப்பிக் கொண்டு போறதும், பக்கத்துல இருந்த வேற ஒண்ணைத் தூக்கிட்டு வர்றதுமா மழைக்காலம் முழுக்க ஓடுச்சு. பிளாஸ்டிக்ல ஒண்ணு, அலுமினியத்துல ஒண்ணு, மரத்துல ஒண்ணு. எங்களைத் தெருவுல பார்த்தாலே கடைக்காரர் மேஜைக்குக் கீழே குனிஞ்சு எதையோ தேட ஆரம்பிச்சுடுவார். ஒரு தடவை அத்தானும் சேர்ந்து தேட மேஜைக்கு அடியிலயே போயிட்டார்.

மாட்டிப் பார்க்கிறது எங்கன்னு நினைக்கிறீங்க? வீட்டுல தான். பாத்ரூம் கதவுல தாழ்ப்பாள் போய் கொம்பு வந்துச்சு. அவசரத்துக்குப் போறவங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டு முதல்ல எட்டு எட்டா சுத்தியிருக்கிற கயிறைப் பிரிக்கணும். ஜன்னல் திரைக்குப் பள்ளம் வெச்சது. இழுத்து மூடின திரை மூடினது தான், பகல்லயும் லைட்டைப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். ஃபிரிட்ஜ் கதவுக்குப் பல்லு வெச்சது. பால் எடுக்கப் போய் நான் மல்லுக்கட்டினதுல ஃபிரிட்ஜே ஒரு அடி முன்னாடி வந்துச்சு, கதவு திறக்கல.

"வீடா இது, ஜெயிலா?"ன்னு அக்கா வெடிச்சா.

"பிடி எப்படி இருக்கு பார்த்தியா?"ன்னு அவர் அகமகிழ்ந்து போனார்.

எல்லாத்துக்கும் சிகரம் சோபா தான். வீட்டுக்குள்ள மாட்டிப் பார்த்தா போதாதாம், உண்மையான பாரம் ஏத்திப் பார்க்கணுமாம். ரிட்டயர் ஆன இன்னொரு லிஃப்ட்காரர் வந்தார், எண்ணெய்னு பேரு. ஆயுசு பூரா லிஃப்டுக்கு எண்ணெய் போட்டவர், எது சொன்னாலும் வழுக்கிக்கிட்டு ஆமாம்பார். ரெண்டு பேருமா சேர்ந்து மாடிப்படிக்கு நடுவுல இருக்கிற இடைவெளியில எங்க சோபாவைக் கயிறு கட்டி இறக்கி, மறுபடி மேல இழுத்து, மூணாவது மாடிக் கைப்பிடிக் கம்பியில முடுக்கியிருந்த பல்லு வெச்ச கிளீட்டுல மாட்டிட்டாங்க. சோபா ரெண்டாவது மாடிக்கும் மூணாவது மாடிக்கும் நடுவுல அந்தரத்துல நின்னுச்சு. அசையலை. ரெண்டு பேரும் கையைக் கட்டிக்கிட்டு ரசிச்சாங்க.

நான் கிளினிக்ல இருந்து களைச்சுப் போய் வந்து படியில ஏறினா, தலைக்கு மேல நாலு சோபாக் கால்.

"அத்தான், இதை எப்ப இறக்குவீங்க?"

"இதோ இப்பவே"ன்னு கயிறைப் பிடிச்சுத் தூக்கினார். வரலை. எண்ணெயும் சேர்ந்து தூக்கினார். ம்ஹூம். சோபாவோட பாரம் மொத்தமும் கயிறுல தொங்குது, பல்லு நறுக்குனு கவ்விக்கிச்சு. எப்படி விடும்? முகமெல்லாம் சிவந்து, மூச்சு வாங்கி, அப்படியே படியில உட்கார்ந்து அத்தான் என்னைப் பார்த்து சிரிக்கிறார். "பார்த்தியாம்மா! விடல!"

அக்கா வேனை நிறுத்திட்டு மேல வந்து நிமிர்ந்து பார்த்தா. அப்புறம், "டிவி பார்க்கணும்னா நான் பறந்து போய் உட்காரணுமா?"ன்னு கேட்டா. கடைசியில கட்டடத்துல இருக்கிற ஆம்பளைங்க எல்லாரும் ரெண்டாவது மாடியில கூடி, கீழே இருந்து சோபாவைத் தோள்ல தாங்கித் தூக்கி, கயிறு தொய்ஞ்சதுக்கப்புறம் தான் அதை விடுவிக்க முடிஞ்சுது. சோபாவோட ஒரு கால் போயிடுச்சு. மனுஷன் அந்தக் காலைக் கையில வெச்சுக்கிட்டு, எதையோ ஜெயிச்சுட்டு வந்தவர் மாதிரி படியில உட்கார்ந்திருந்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை நாலு வார்த்தை நறுக்குனு கேட்கணும்னு பக்கத்துல போய் நின்னேன். "எதுக்கு அத்தான் இவ்வளவு ஆட்டம்? பிடிக்கிறது, பிடிக்கிறதுன்னு உயிரை வாங்குறீங்களே! ஒரு படகு. அக்காவுக்குப் பயமா இருந்தா வித்துட்டுப் போங்களேன். குடியா முழுகிப் போயிடும்?"

அவர் சோபாக் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "படகு போனா போகுதும்மா. எங்கேயாவது லிஃப்ட் நின்னா ராத்திரின்னு பார்க்காம நான் ஓடுவேன். விடியறதுக்குள்ள உங்க அக்கா வேனை எடுத்துட்டுப் போயிடுவா. அவ வரும்போது நான் இருக்க மாட்டேன், நான் வரும்போது அவ தூங்கிட்டு இருப்பா. இத்தனை வருஷத்துல நாங்க ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல ஒரு இடத்துல சும்மா உட்கார்ந்ததே இல்லம்மா. வீட்டுல உட்கார்ந்தா அவ எந்திரிச்சு ஏதாவது வேலைக்குப் போயிடுவா. படகுல இருந்து எங்க போவா?"

அழுதுடுவேனோன்னு பயமா போச்சு. "முதல்ல அந்தக் காலை ஒட்டுங்க, சோபா நொண்டுது"ன்னு கத்திட்டு உள்ளே போயிட்டேன்.

ஒரு வழியா மழை விட்டுச்சு, அத்தானும் முடிவுக்கு வந்தார். மத்த கயிறுக்கெல்லாம் கடைக்காரர் சொன்னபடியே கொம்பு. பாயை இழுத்துப் பிடிக்கிற கயிறுக்கும் அவர் சொன்னபடியே பல்லு வெச்சது தான். ஆனா அத்தானோட கைவண்ணம் கொஞ்சம் சேர்ந்துச்சு. கயிறு தவறிப் போய்க்கூட மேல வந்துடக் கூடாதுன்னு அந்தப் பல்லுக்கு மேல ஒரு இரும்புப் பாலம். கயிறே கொஞ்சம் தடிமனான கயிறு, இன்னும் நல்லா கவ்வட்டும்னு. இதெல்லாம் ஏமாத்திட்டா என்ன பண்றதுன்னு, அதுக்குப் பின்னாடி ஒரு கொம்பு. அது ரெண்டாவது பிரேக்காம். அவர் படகு ஓட்டக் கத்துக்கிட்ட கிளப் வகுப்புல இந்தக் கயிறைக் கையிலயே பிடிச்சுக்கணும்னு தான் சொல்லிக் குடுத்தாங்களாம். அது கத்துக்கிறவங்களுக்குச் சொன்னதுன்னு அவரே ஒரு தீர்ப்பு எழுதிக்கிட்டார்.

அந்த நாள் வந்துச்சு. "இவளும் வந்தா தான் நான் ஏறுவேன்"னு அக்கா என்னை மாட்டிவிட்டா. மூணு பேரும் ஆரஞ்சு கலர் மிதவைச் சட்டையை மாட்டிக்கிட்டுப் பூசணிக்காய் மாதிரி படகுத்துறையில நின்னோம். துறைக் காவலாளி கையில ஒலிபெருக்கியோட வந்து, படகுக்குள்ள எட்டிப் பார்த்து, அந்தப் பாலத்தையும் கொம்பையும் பார்த்தார். "என்ன சார் இது, பேங்க் லாக்கர் மாதிரி இருக்கு?"ன்னார். அத்தான் அதைப் பாராட்டுன்னு எடுத்துக்கிட்டார்.

நான் முன்னாடி பாய்மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். அத்தான் பின்னாடி சுக்கான் கட்டையைப் பிடிச்சுக்கிட்டார், அவருக்குப் பக்கத்துலயே அக்கா. பாயை இழுத்தார், கயிறைப் பல்லுல கொடுத்தார், பின்னாடி கொம்புல எட்டு எட்டா சுத்தினார், மடி போட்டு இறுக்கினார், தட்டிப் பார்த்தார். படகு நகர்ந்துச்சு.

உண்மையைச் சொல்லணுமே, நல்லாத்தான் இருந்துச்சு. சத்தமே இல்லை. எஞ்சின் இல்லாம ஒண்ணு நகர்றது அக்காவுக்கு அதிசயமா இருந்திருக்கணும், தண்ணியில விரலை விட்டுப் பார்த்தா. அத்தான் அவளையே பார்த்துக்கிட்டு வந்தார். "பயமா இருக்கா?"ன்னார். "இல்லை"ன்னா. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி, "பயமா இருக்கா?" "இல்லைங்க." மூணாவது தடவை கேட்டப்ப, "நீங்க கேட்கிறது தான் பயமா இருக்கு"ன்னா. நான் சிரிச்சேன். சிரிச்சு வாயை மூடல, காத்து வந்துச்சு.

எங்கிருந்து வந்துச்சோ, ஏரியோட தண்ணி ஒரு பக்கமா கறுத்து, அந்தக் கறுப்பு எங்களை நோக்கி ஓடி வந்துச்சு. பாய் டமார்னு விறைச்சுது. படகு ஒரு பக்கமா சாய ஆரம்பிச்சுது. கரையில இருந்து காவலாளி ஒலிபெருக்கியில அலறுறார்: "கயிறை விடுங்க! கயிறை விடுங்க!"

அத்தான் கொம்புல இருந்து ஒரு எட்டைப் பிரிச்சார். அடுத்ததைப் பிரிச்சார். ஈரக் கயிறு, இறுகிப் போய்க் கிடந்துச்சு. படகு இன்னும் சாயுது.

"விடுங்க!" அக்கா கத்தினா.

"அதைத் தானே பண்ணிட்டு இருக்கேன்!"

"சீக்கிரம் விடுங்க!"

"இன்னும் ரெண்டு சுத்து இருக்கு!"

கொம்பை முடிச்சுட்டுப் பல்லுக்கு வந்தார். மொத்தக் காத்தும் அந்தக் கயிறுல நிக்குது. மேல தூக்கினா பாலம் இடிக்குது. பாலத்தைத் தாண்டி வெளியே எடுக்கலாம்னா தடிக் கயிறு பல்லுல ஆப்பு மாதிரி இறங்கியிருக்குது. அவர் ரெண்டு கையாலயும் இழுத்தார், காலை உதைச்சுக்கிட்டு இழுத்தார். தண்ணி விளிம்பைத் தாண்டி உள்ளே வந்துச்சு. நான் கூப்பிடாத சாமி இல்லை. அடுத்த நிமிஷம் பாய் தண்ணியில பட்டு, நாங்க மூணு பேரும் தொபுக்கடீர்னு ஏரியில.

செத்தோம்னு நினைச்சேன். கையைக் காலை அடிச்சு, கண்ணை மூடிக்கிட்டு, "காப்பாத்துங்க, காப்பாத்துங்க"ன்னு ஊரையே கூப்பிட்டேன். எவ்வளவு நேரம் கத்தினேனோ தெரியாது. "ஏய், எந்திரிச்சு நில்லுடி"ன்னு அக்கா குரல் கேட்டுச்சு. நின்னேன். தண்ணி இடுப்பு வரைக்கும் தான் இருந்துச்சு.

படகு ஒருக்களிச்சுப் படுத்துக் கிடந்துச்சு. பாய் தண்ணி மேல விரிஞ்சு கிடந்துச்சு. அத்தான் அதுக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு, அந்தக் கயிறைத் தொட்டுப் பார்த்தார். அது இன்னும் பல்லுல கெட்டியா மாட்டிக்கிட்டுத் தான் இருந்துச்சு. எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு ஒரு வார்த்தை. அவர் முகத்தைப் பார்த்துட்டு முழுங்கிட்டேன்.

"சரி"ன்னார். முடியில இருந்து தண்ணி சொட்டுது. "நாளைக்கே வித்துடறேன். பாட்டு வாத்தியாருக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருப்பாங்க. நான் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்." சொல்லிட்டு, எங்க ரெண்டு பேரையும் பார்க்காம கரைப் பக்கமா திரும்பிக்கிட்டார். அவ்வளவு பெரிய மனுஷன், இடுப்பளவு தண்ணியில, பூசணிக்காய்ச் சட்டையில, தோள் தொங்கிப் போய் நிக்கிறதைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துடுச்சு.

"எதுக்கு விக்கணும்?"னு அக்கா கேட்டா.

"உனக்குப் பயமா..."

"பயமா இருந்துச்சுன்னு நான் சொன்னேனா?"

"கவுந்துட்டோமே!"

"கவுந்தோம். எனக்குப் பத்திக்கிட்டு வருது. அது கோபம். பயத்துக்கும் கோபத்துக்கும் வித்தியாசம் தெரியாம இத்தனை வருஷம் என்கூட என்ன குடித்தனம் நடத்தினீங்க?" அவ கூந்தலைப் பிழிஞ்சுக்கிட்டே படகுகிட்ட வந்தா. "கவுர்ற வரைக்கும் எனக்குப் பிடிச்சுத்தான் இருந்துச்சு. இந்தச் சனியனைக் கழட்டுங்க முதல்ல."

"எதை?"

"எல்லாத்தையும். இந்தக் கயிறுக்குப் போட்ட பல்லு, பாலம், கொம்பு, எல்லாம்."

அத்தான் பேன்ட் பாக்கெட்ல ஸ்குரூடிரைவர் இல்லாத நாள் கிடையாது. ஏரிக்குள்ள நின்னுக்கிட்டு ஒவ்வொரு திருகாணியா கழட்டினார். கழட்டினதை எல்லாம் வாங்கி வெச்சுக்கிறதுக்கு என் கை ரெண்டும் நீட்டியிருந்துச்சு, எனக்குன்னு வேற என்ன வேலை? கடைசி ஆணி வந்ததும் நிமிர்ந்து கேட்டார், உண்மையிலேயே புரியாம தான் கேட்டார்: "அப்ப கயிறை எது பிடிக்கும்?"

"ஏன், எனக்குக் கை இல்லையா?"

காவலாளி ஒலிபெருக்கியில வழி சொல்லச் சொல்ல, படகோட அடிப்பலகையைப் பிடிச்சு மூணு பேரும் தொங்கி, அதைப் புரட்டி நிமிர்த்தினோம். வாளியில தண்ணியை மொண்டு மொண்டு வெளியே ஊத்தினோம். எல்லாம் முடிஞ்சதும் அக்கா ஏறினா, அத்தான் ஏறினார், நான் காலைத் தூக்கினேன். "நீ எதுக்கு?"ன்னா அக்கா. "நடந்து போயிடு, பக்கம் தானே." கூடப் பொறந்தவ! படகு என்னை விட்டுட்டுக் கிளம்பிடுச்சு. நான் கையில அந்த இரும்புச் சாமானை எல்லாம் அள்ளிக்கிட்டு, சேத்துல ஒரு செருப்பைத் தொலைச்சுட்டுக் கரைக்கு வந்தேன்.

அங்கே இருந்து பார்த்தேன். தண்ணி மறுபடி கறுத்துக்கிட்டு வந்துச்சு. அத்தான் கை தன்னால போய் அக்கா மணிக்கட்டைப் பிடிச்சுது. அவ படார்னு ஒரு அடி போட்டா அந்தக் கையில, இங்க வரைக்கும் கேட்டுச்சு. கயிறைக் கொஞ்சம் ஓட விட்டா. பாய் படபடன்னு அடிச்சு, சாய்ஞ்ச படகு நிமிர்ந்துச்சு. அப்புறம் கயிறைத் திரும்ப இழுத்தா. விட்டா, இழுத்தா. "ஏங்க, இது கிளட்ச் மாதிரி தாங்க இருக்கு!"ன்னு அவ போட்ட கத்து ஏரி முழுக்கக் கேட்டுச்சு. படகு அக்கரைப் பக்கமா போய்க்கிட்டே இருந்துச்சு. என்னை ரெண்டு பேரும் சுத்தமா மறந்துட்டாங்க. நான் ஈரத் துணியோட உட்கார்ந்து, காவலாளி குடுத்த டீயைக் குடிச்சேன்.

திரும்பி வந்தப்ப அக்காவோட உள்ளங்கை ரெண்டும் கன்னிச் சிவந்திருந்துச்சு. அத்தான் படகைத் துறையில கட்டுறப்ப காவலாளி வந்து, என் மடியில கிடந்த சாமானைப் பார்த்தார். "பல்லு வெச்சதை மட்டும் திரும்ப மாட்டிக்கோங்க சார், பாலம் இல்லாம. அம்மாவுக்குக் கை வலிக்கும். அதுவும் இல்லாம, அம்மா வராத அன்னைக்கு வேற யாரைக் கூட்டிட்டு வந்தாலும் கயிறைப் பிடிக்க ஏதாவது வேணுமில்ல?"

அத்தான் கயிறைக் கட்டிக்கிட்டே சாதாரணமா சொன்னார்: "அவ வராத அன்னைக்கு நான் எதுக்குப்பா வரப் போறேன்?"

அக்கா காதுல அது விழுந்துச்சு. விழுந்தது எனக்குத் தெரியும், பாயைச் சுருட்டிக்கிட்டிருந்த கை அப்படியே நின்னுச்சு. அவ திரும்பிப் பார்க்கல. கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி சுருட்ட ஆரம்பிச்சுட்டு, "சனிக்கிழமை எனக்கு வேன் இல்லை"ன்னு சொன்னா.